சேலமும் ஸலாமும்

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணலெம் பெருமானார் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நாமக்கல்லில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். லாரித் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். "ஹழ்ரத், ஒரு சந்தேகம். எங்கள் உறவுக்காரர் வீட்டு நிக்காஹ் மஜ்லிஸில் பேசியவர், சேலம் என்ற பெயரே ஸலாம் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் என்றார். நான் பிறந்த ஊர் சேலம். கேட்கக் கேட்க நெஞ்சு குளிர்ந்துவிட்டது. என் மகன் அதைப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு எழுதி வைத்திருக்கிறான். உண்மைதானே ஹழ்ரத்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது, உள்ளேயிருந்து இன்னொருவர் வெளியே வந்தார். எனக்கு ஸலாம் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவரும் தலையைக் குனிந்துகொண்டார். "யார் அவர்?" என்றேன். "கூடப்பிறந்த அண்ணன்தான் ஹழ்ரத். லாரிக் கணக்கிலே ஒரு தகராறு. மூணு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை" என்றார்.

"உங்கள் கேள்விக்கு அடுத்த ஜும்ஆவில் மிம்பரிலேயே பதில் சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவைத்தேன். அன்று சொன்னவற்றையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கேட்டதையெல்லாம் சொல்லலாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில், அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாமென்றும், செவியும் பார்வையும் உள்ளமும் நாளை விசாரிக்கப்படுமென்றும் அல்லாஹு தஆலா எச்சரிக்கிறான். ஹுஜுராத் அத்தியாயத்திலோ, ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்று கட்டளையிடுகிறான். இஸ்லாத்திற்குப் பெருமை சேர்ப்பது போலத் தோன்றும் பொய்யும் பொய்தான். நம் மார்க்கத்திற்கு அப்படிப்பட்ட முட்டுக்கொடுப்பு எதுவும் தேவையில்லை.

சேலம் என்ற பெயருக்கு அறிஞர்கள் கூறும் காரணங்கள் சில உண்டு. மலையைக் குறிக்கும் 'சைலம்' என்ற சொல்லே சேலம் என்றாயிற்று என்பது ஒன்று. ஊரைச் சுற்றிலும் பாருங்கள்: வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, ஊரையொட்டி நகரமலையும் ஜருகுமலையும். மலைகளின் நடுவே கிண்ணம் போல அமைந்த ஊர். சேரர் ஆட்சியோடு தொடர்புபடுத்தி, 'சேரலம்' என்பதே சேலமாகத் திரிந்தது என்பது இன்னொன்று. நெசவுக்குப் பேர்போன ஊராதலால் 'சேலை'யோடு இணைத்துப் பேசுவாரும் உண்டு. இவற்றுள் எதைக் கொண்டாலும், பெயர் இந்த மண்ணிலேயே முளைத்ததுதான். அரபுச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

பின் குழப்பம் எங்கிருந்து வந்தது? 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமஹாலும் கம்பெனியாரின் கைக்குப் போயின. அலெக்ஸாண்டர் ரீட் என்பவர் முதல் கலெக்டராக வந்தார். ஆங்கிலேயர் எழுதிய சேலத்தின் எழுத்துக்களும், அவர்களுடைய வேதநூலில் வரும் ஒரு பழைய நகரத்தின் எழுத்துக்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அந்த நகரத்தின் பெயர் தமிழ் பைபிளில் 'சாலேம்' என்று இருக்கிறது. நம் ஊர் சேலம், அது சாலேம். தமிழில் எழுதினால் வேறு வேறு; ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றே. இவ்வளவுதான் சங்கதி.

ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்துப் பொருள் சொல்லப் புறப்பட்டால் எங்கே போய் நிற்போம் தெரியுமா? உர்தூவில் உப்பிற்கு 'நமக்' என்று பெயர். ஆகவே நாமக்கல் என்றால் உப்புக்கல் என்று ஒருவர் சொல்லலாம்! நாமகிரி என்று பெயர் பெற்ற அந்த ஒற்றைப் பாறையை அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் நாமக்கல்வாசி சிரிக்கமாட்டாரா? மிம்பரில் அன்று இதைச் சொன்னபோது ஜமாஅத்தாரும் சிரித்துவிட்டார்கள்.

சாலேம் என்ற நகரம்

இப்போது அந்தப் பழைய நகரத்திற்கு வருவோம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களைச் சந்தித்து வாழ்த்திய மெல்கிசேதேக்கு என்பவரைச் சாலேமின் அரசர் என்று யூத, கிறிஸ்தவ வேதம் குறிப்பிடுகிறது. அந்தச் சாலேமே ஜெருசலம் என்பது அவர்களுடைய நெடுங்கால வழக்கு. 1887-ஆம் ஆண்டு மிஸ்ரு நாட்டில் அமர்னா என்ற இடத்தில் களிமண் ஏடுகள் அகப்பட்டன. அவை ஹஜ்ரத் ஈஸா (அலை) அவர்களுக்குச் சுமார் 1,350 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றிலேயே 'ஊருஸலிம்' என்று அந்நகரின் பெயர் காணப்படுகிறது. கன்ஆன் நாட்டவர் வணங்கிவந்த ஷலிம் என்ற அந்திநேரத் தெய்வத்தின் பெயரால் அந்நகர் அமைந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. பிற்காலத்தார், அதே மூலத்திலிருந்து வரும் 'ஷாலோம்', அதாவது சாந்தி, என்ற பொருளை அதற்குக் கொடுத்தார்கள்.

ஷாலோம் என்னும் இப்ரானிச் சொல்லும், ஷ்லாமா என்னும் சிரியாக் சொல்லும், ஸலாம் என்னும் அரபுச் சொல்லும் ஒருதாய் மக்கள். அரபியில் ஸீன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துக்களே வேர். இஸ்லாம், முஸ்லிம், ஸலாமத், ஸலீம் யாவும் அந்த வேரில் கிளைத்தவை. குறையில்லாமை, பத்திரம், அச்சமின்மை, சமாதானம் எல்லாம் அந்த ஒரே வேரில் அடங்கும். பைத்துல் முகத்தஸை எழுப்பிய நபியின் திருநாமமான சுலைமான் (அலை) என்பதும் இப்ரானியில் அந்த வேரைச் சேர்ந்ததே. அனைத்திற்கும் மேலாக, 'அஸ்ஸலாம்' என்பது நம் ரப்பின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. ஹஷ்ர் அத்தியாயத்தின் இறுதியில் அதைக் காணலாம். சுவனபதிக்கு 'தாருஸ்ஸலாம்', சாந்தியின் இல்லம், என்று யூனுஸ் அத்தியாயத்தில் பெயர் சூட்டி, அதன்பால் தன் அடியார்களை அவன் அழைக்கிறான்.

பெயர் ஊரைக் காக்குமா?

இந்த இனிய பெயரை ஆசையோடு தம் ஊருக்குச் சூட்டிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அப்பாஸிய கலீபா அல்மன்சூர் ஹிஜ்ரி 145-இல், கி.பி. 762-இல், பக்தாதைக் கட்டத் தொடங்கி 'மதீனத்துஸ் ஸலாம்' என்று பெயரிட்டார். ஸான்ஸிபார் சுல்தான் மாஜித், 1860-களில் ஆப்பிரிக்கக் கரையில் அமைத்த நகரம் தாருஸ்ஸலாம். புரூணை நாட்டின் முழுப்பெயர் புரூணை தாருஸ்ஸலாம். அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ்தவர்கள் மாசசூஸெட்ஸில் 1626-இல் தோன்றிய ஓர் ஊருக்கு 1629-இல் சேலம் என்று பெயர் வைத்தார்கள். வடகரோலினாவில் 1766-இல் ஒரு சேலம் எழுந்தது. ஓரிகன் மாகாணத்தின் தலைநகருக்கும் சேலம் என்றே பெயர்.

பெயர் வைத்ததால் சாந்தி வந்துவிட்டதா? சரித்திரத்தைக் கேளுங்கள்.

சாந்தி நகரமாம் பக்தாதில் 1258-ஆம் ஆண்டு ஹுலாகுவின் படை புகுந்து கலீபாவையும் கணக்கற்ற மக்களையும் கொன்று குவித்தது. ஜெருசலத்தில் 1099-ஆம் ஆண்டு சிலுவைப் போர்வீரர்கள் நுழைந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். மாசசூஸெட்ஸ் சேலத்திலே 1692-ஆம் ஆண்டு சில சிறுமிகளின் வாய்ப்பேச்சை நம்பி, சூனியம் செய்தார்கள் என்று பழிசுமத்திப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். முதியவர் ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். தீர விசாரிக்காத செய்தி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தூரத்து ஊர்களைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைக்கக்கூடாது. நம்முடைய சேலத்திலேயே 1882-ஆம் ஆண்டு செவ்வாய்ப்பேட்டைப் பள்ளிவாசலையும், அதன் வழியே மேளதாளத்துடன் செல்லும் ஊர்வலத்தையும் முன்னிட்டு எழுந்த தகராறு, ஆகஸ்டு மாதத்தில் பெருங்கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. உயிர்கள் போயின. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் சரக்கு வாங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சினார்கள். அந்தக் கலவரத்தைத் தூண்டியதாகச் சி. விஜயராகவாச்சாரியார் என்ற வழக்கறிஞர் மீது குற்றம் சாட்டிக் கீழ்க்கோர்ட்டு பத்தாண்டுத் தண்டனை விதித்தது. சென்னை ஹைகோர்ட்டு அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. பின்னாளில், 1920-இல், நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. கொந்தளித்த நேரத்தில் வாயில் வந்தது செய்தியாகி, செய்தி வழக்காகி, ஒரு மனிதரின் வாழ்வையே பறிக்கப் பார்த்தது.

இதைப் பழைய புண்ணைக் கிளறுவதற்காக நான் சொல்லவில்லை. ஊரின் பெயரில் ஸலாம் இருக்கிறதென்று நாம் மகிழ்ந்திருக்கையில், ஊருக்குள் ஸலாம் இல்லாமற் போன நாட்களும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அறிந்தால்தான் மறுபடியும் நிகழாமல் காப்பார்கள்.

பெயரை மாற்றிய பெருமானார்

அப்படியானால் பெயரில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நம் நாயகம் (ஸல்) அவர்கள் பெயரைப் பொருட்படுத்தினார்கள். 'ஹர்ப்', அதாவது யுத்தம், என்ற பெயரை 'ஸில்ம்', அதாவது சமாதானம், என்று மாற்றினார்கள். பாழ்நிலம் என்று பொருள்பட்ட ஓரிடத்திற்குப் பசுமை என்றும், வழிகேட்டின் கணவாய்க்கு நேர்வழியின் கணவாய் என்றும் பெயரிட்டார்கள். இவை அபூதாவூதில் பதிவாகியுள்ளன.

ஆனால் பெயரைச் சூட்டுவது ஒரு துஆ. அதை ஏற்று நடப்பது நம் பொறுப்பு. புகாரியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்கு 'ஹஸ்ன்' என்று பெயர். கரடுமுரடு என்று பொருள். நாயகம் (ஸல்) அவர்கள், 'ஸஹ்ல்', அதாவது மென்மை, என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பின் எங்கள் குடும்பத்தில் அந்தக் கரடுமுரடு போகவேயில்லை என்று பேரர் ஸயீத் (ரஹ்) அவர்கள் வருந்திச் சொன்னார்கள்.

இனி யத்ரிபைப் பாருங்கள். அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு கூட்டத்தார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு களைத்துப்போயிருந்த ஊர் அது. அங்கே நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்தடைந்த அன்று, யூத அறிஞர் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்க வந்தார். முகத்தைக் கண்டவுடனேயே, இது பொய்யருடைய முகமல்ல என்று உணர்ந்தார். அவர் காதில் விழுந்த முதல் உபதேசத்தில் நான்கு காரியங்கள் இருந்தன: ஸலாத்தைப் பரப்புவது, உணவளிப்பது, இரத்த உறவைச் சேர்ந்து வாழ்வது, மக்கள் உறங்கும் இரவில் தொழுவது. இவற்றைச் செய்தால் ஸலாமோடு சுவர்க்கம் புகலாம் என்று சுபச்செய்தியும் கிடைத்தது. அதைக் கேட்டு நமக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள்! ஸலாமின் மகனார் செவியில் முதலில் விழுந்த சொல்லும் ஸலாம்.

யத்ரிப் மதீனாவாயிற்று. கவனியுங்கள், அந்த ஊருக்குச் சாந்தி நகரம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சூட்டவில்லை. சாந்தியை அங்கே நிலைநாட்டினார்கள். அவ்ஸும் கஸ்ரஜும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றார்கள்.

ஜெருசலத்தின் சரித்திரத்திலும் அப்படியொரு நாள் உண்டு. அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அது முஸ்லிம்களிடம் சரணடைந்தபோது, ரோமர் வைத்த பெயரையொட்டி அரபியர் அதை 'ஈலியா' என்றுதான் அழைத்தார்கள். ஈலியாவாசிகளின் உயிருக்கும் பொருளுக்கும் கோயில்களுக்கும் உமர் (ரலி) அவர்கள் எழுத்து மூலம் அபயம் அளித்ததை இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1187-இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அந்நகரை மீட்டபோது, 1099-இல் நடந்ததற்குப் பழிவாங்காமல் மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு மக்களை வெளியேற அனுமதித்தார். ஏழைகள் பலரைப் பணமின்றியே விட்டார். அந்த நாட்களில் அந்நகரம் தன் பெயருக்குத் தகுதியாக இருந்தது.

நம் வாசலில் ஸலாம்

பெரியோர்களே! தன் நாவாலும் கையாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் நடப்பவனே முஸ்லிம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இலக்கணம் வகுத்தார்கள். அண்டைவீட்டார் எவனுடைய தொல்லைக்கு அஞ்சி வாழ்கிறாரோ அவன் மூமினல்லன் என்று ஆணையிட்டுச் சொன்னார்கள். அந்த அண்டைவீட்டார் எந்த மதத்தவர் என்று அங்கே பிரித்துப் பேசவில்லை. நம் பக்கத்துப் பட்டறைக்காரரும், எதிர்க்கடைக்காரரும், மேல்வீட்டுக் குடித்தனக்காரரும் நம்மால் நிம்மதியாக இருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, நமக்குள்ளே. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளைக்குமேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்றும், இருவரும் சந்தித்து இவர் ஒருபுறம் அவர் ஒருபுறம் முகம் திருப்பிக்கொண்டால், அவர்களுள் முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் இருக்கிறது. திங்களும் வியாழனும் சுவர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்பட்டு, ஷிர்க் வைக்காத அடியார்கள் மன்னிக்கப்படும்போது, பகைத்துக்கொண்ட இருவரை மட்டும் சமாதானமாகும் வரை நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவாகிறது. மூன்று நாளைக்கே இப்படியென்றால் மூன்று வருடத்திற்கு என்ன சொல்வது? அந்த மூன்று வருடத்தில் எத்தனை திங்கள், எத்தனை வியாழன்!

தொழுகையை எப்படி முடிக்கிறோம்? வலப்பக்கம் ஒரு ஸலாம், இடப்பக்கம் ஒரு ஸலாம். ஒரே ஸஃப்பில் நாலு பேர் தள்ளி அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும் அந்த ஸலாத்தில் பங்குண்டு. தொழுகைக்குள்ளே சொன்ன ஸலாத்தை வாசலில் செருப்பு மாட்டும்போது ஏன் விழுங்கிவிடுகிறோம்?

நாமக்கல் 1997 ஜனவரி முதல் தேதிதான் தனி மாவட்டமாயிற்று. அதுவரை நம் கடிதங்களிலெல்லாம் சேலம் மாவட்டம் என்றுதானே விலாசம் எழுதினோம்? இங்கிருந்து புறப்படும் லாரிகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய்த் திரும்புகின்றன. ஆயிரம் மைல் தாண்டி முன்பின் தெரியாத டிரைவருக்குக் கையுயர்த்தி வழிவிடுகிறோம். நான்கு வீடு தாண்டியிருக்கும் உடன்பிறப்புக்கு வாய் திறக்க மாட்டோமென்கிறோம்.

அந்த ஜும்ஆவில் நான் யார் பெயரையும் சொல்லவில்லை. தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்தது. லாரிக்காரர் திண்ணைக்கு வரவில்லை. அண்ணன் செருப்பை மாட்டும் இடத்தில் போய் நின்றார். "அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே" என்றார். அவர் கேளாதவர் போலப் படியிறங்கினார். இவர் பின்னாலேயே போய் மறுபடியும் சொன்னார். தெருமுனையில் அண்ணன் நின்றார். திரும்பிப் பார்க்காமலேயே, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார். அவ்வளவுதான், தழுவிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. லாரிக் கணக்கு இன்னும் தீரவில்லை. பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்று தெருமுனையில் ஸலாமுக்குப் பதில் வந்தது. கணக்கு தீர்வதற்கு அதுதான் முதல் வழி.

மறுவாரம் அவர் மகனை அழைத்துவந்தார். பையன் தன் காகிதத்தைக் காட்டினான். 'சேலம் என்ற பெயர் ஸலாமிலிருந்து வந்தது' என்ற வரியை அடித்துவிட்டு, 'சேலம் என்ற பெயர் மலையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஸலாம் நம்மிடமிருந்து வரவேண்டும்' என்று எழுதியிருந்தான். நான் ஒரு மணிநேரம் பேசியதை அவன் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான்!

சகோதரர்களே! இதைப் படித்து முடித்ததும், நீங்கள் ஸலாம் சொல்லாமல் விட்டிருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் இருந்தால் போனில் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருந்தால் எழுந்து போங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். ஜனாஸாவுக்குப் போய்ச் சொல்லும் ஸலாமுக்கு மறுமொழி கேட்காது.

யா அல்லாஹ்! நீயே ஸலாம். உன்னிடமிருந்தே ஸலாம். எங்கள் நாவிலும் வீட்டிலும் ஊரிலும் அதை நிலைபெறச் செய்வாயாக! எங்கள் பகைகளை மாற்றி, எங்களை உன் தாருஸ்ஸலாமில் ஒன்றுசேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.